ஐக்மனைப் பிடித்துக்கொடுத்த அரசு வக்கீல்: யார் இந்த ஃப்ரிட்ஸ் பாவர்?

77 சதவீதம். இந்த எண்ணை முதலில் மனசுல வச்சுக்கங்க.

1957-ல் மேற்கு ஜெர்மனியின் நீதி அமைச்சகத்தில் உயர் பொறுப்புகளில் இருந்த அதிகாரிகளில் 77 சதவீதம் பேர், ஒருகாலத்தில் ஹிட்லரின் நாஜிக் கட்சியில் உறுப்பினராக இருந்தவர்கள். இது ஏதோ எதிர்க்கட்சிக்காரர் அள்ளிவிட்ட கணக்கு இல்லை. ஜெர்மனியின் நீதி அமைச்சகமே ஆய்வுக் குழு ஒன்றை அமைத்து, தன்னுடைய பழைய கோப்புகளைத் திறந்துகாட்டி, 2016-ல் வெளியிட்ட அறிக்கையில் இருப்பது.

அதே 1957-ல், ஆர்ஜென்டினாவிலிருந்து ஒரு தகவல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருந்த ஒரு யூத அரசு வழக்கறிஞரிடம் வந்து சேர்ந்தது. லட்சக்கணக்கான யூதர்களை ரயிலேற்றிக் கொலை முகாம்களுக்கு அனுப்பிய அடோல்ஃப் ஐக்மன் பியூனஸ் அயர்ஸ் பக்கம் உயிரோடு இருக்கிறார் என்பதுதான் தகவல். எழுதியவர் லோதார் ஹெர்மன். நாஜிகளிடம் டாஹாவ் முகாமில் சிக்கி, பிறகு நாட்டை விட்டு வெளியேறியவர். கண் பார்வை கிட்டத்தட்ட போய்விட்டது. அவர் மகளோடு பழகிய ஒரு பையன் தன் குடும்பப் பெயர் ஐக்மன் என்று சொல்லியிருக்கிறான். யூதர்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறான்.

அரசு வழக்கறிஞர் என்ன செய்திருக்க வேண்டும்? போலீசுக்குச் சொல்ல வேண்டும். வெளியுறவுத் துறைக்கு எழுத வேண்டும். ஆர்ஜென்டினாவிடம் முறைப்படி ஒப்படைக்கக் கேட்க வேண்டும். அவர் இதில் எதையும் செய்யவில்லை. மேலே சொன்ன 77-ஐ வச்சுப் பார்த்தா காரணம் புரியும். கோப்பு எந்த மேசைக்குப் போனாலும் அங்கிருந்து ஐக்மனுக்கு எச்சரிக்கை போய்விடும் என்று அவர் நினைத்தார். அதனால் தன் மாநில முதல்வரிடம் மட்டும் சொல்லிவிட்டு, தகவலை வேறொரு நாட்டிடம் கொடுத்தார். வெளியே தெரிந்திருந்தால் வேலை போவது மட்டுமல்ல, தேசத்துரோக வழக்கே வந்திருக்கும்.

அவர் பெயர் ஃப்ரிட்ஸ் பாவர். நூரெம்பெர்க் விசாரணையைப் பற்றி நாம எல்லாரும் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். அதை நடத்தியது போரில் வென்ற நாடுகள். ஜெர்மனி தன் குற்றவாளிகளைத் தானே கூண்டில் ஏற்றிய கதை வேறு. அந்தக் கதை பெரும்பாலும் இந்த ஒரு மனிதரைச் சுற்றித்தான் நடக்கிறது.

நாட்டிலேயே இளம் நீதிபதி

பாவர் 1903 ஜூலை 16-ல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தார். அப்பா துணி வியாபாரி. யூதக் குடும்பம். ஹைடல்பெர்க், மியூனிக், டூபிங்கன் என்று மூன்று பல்கலைக்கழகங்களில் சட்டம் படித்தார். 1927-ல் முனைவர் பட்டம். 1930-ல் ஸ்டுட்கார்ட்டில் நீதிபதி. அப்போது அந்தப் பொறுப்பில் நாட்டிலேயே வயது குறைந்தவர் அவர்தான். இன்னொரு பக்கம் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். குடியரசைக் காக்க உருவான ரைஷ்பானர் என்ற அமைப்பின் ஸ்டுட்கார்ட் கிளைக்குத் தலைவர். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் யாரை முதலில் தூக்குவார்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் அவர் பெயர் மேலேயே இருந்திருக்கும்.

அப்படித்தான் நடந்தது. 1933 மார்ச்சில் கைது. ஹோய்பெர்க் முகாம். சுமார் எட்டு மாதம் சிறை. நீதிபதி வேலையும் போனது.

இந்த இடத்தில் பாவரைக் கொண்டாடுபவர்கள் வேகமாகத் தாண்டிப் போகும் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த நவம்பரில் அவர் விடுதலையானது எப்படி? புதிய அரசுக்கு விசுவாசமாக இருப்போம் என்று கைதிகள் சிலர் கையெழுத்துப் போட்ட அறிக்கை ஒன்று பத்திரிகையில் வந்தது. அதில் பாவரின் பெயரும் உண்டு. அவரோடு சிறையில் இருந்த கட்சித் தலைவர் குர்ட் ஷூமாகர் கையெழுத்துப் போடவில்லை. ஏறக்குறைய பத்து வருஷம் முகாம்களிலேயே கழித்தார். எட்டு மாதம் முகாமில் கிடந்த ஒரு யூதர் வெளியே வரக் கையெழுத்துப் போட்டதை, சோபாவில் உட்கார்ந்துகொண்டு குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பிற்காலத்தில் யாரிடமும் மன்னிப்பை எதிர்பார்க்காத, யாருக்கும் எளிதில் சலுகை தராத அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் இந்தக் கையெழுத்தும் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

1936-க்குள் டென்மார்க்குக்குத் தப்பிப் போனார். 1940-ல் ஜெர்மன் படை அங்கேயும் வந்தது. 1943 அக்டோபரில் டென்மார்க் மக்கள் தங்கள் நாட்டு யூதர்களைப் படகுகளில் ஏற்றி சுவீடனுக்குக் கடத்திக் காப்பாற்றியது வரலாற்றில் அபூர்வமான ஒரு சம்பவம். அப்படித் தப்பியவர்களில் பாவரும் ஒருவர். சுவீடனில் அகதியாக இருந்தபோது, பிற்காலத்தில் ஜெர்மனியின் பிரதமரான வில்லி பிராண்ட்டோடு சேர்ந்து ஒரு பத்திரிகை நடத்தினார். 1944-ல், போர் முடியும் முன்பே, போர்க் குற்றவாளிகளை நீதிமன்றத்தில் நிறுத்துவது பற்றி சுவீடன் மொழியில் ஒரு புத்தகம் எழுதினார். நூரெம்பெர்க் விசாரணை தொடங்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது.

செத்தவர்களின் மானத்துக்கு ஒரு வழக்கு

1949-ல் அவர் ஜெர்மனிக்குத் திரும்பினார். உயிர் தப்பிய யூத வழக்கறிஞர்களில் பெரும்பாலானோர் திரும்பவில்லை. இவர் திரும்பினார், அதுவும் அரசு வேலைக்கு. முதலில் பிரவுன்ஷ்வைக் நகரில் நீதிபதி, 1950-ல் அங்கேயே தலைமை அரசு வழக்கறிஞர்.

நம்ம ஊர் பப்ளிக் ப்ராசிக்யூட்டர் மாதிரி இதை நினைச்சுடக் கூடாது. இங்கே போலீஸ் விசாரித்துக் குற்றப்பத்திரிகை போட்ட பிறகுதான் அரசு வழக்கறிஞர் வாதாட வருவார். ஜெர்மனியில் விசாரணையையே நடத்துவது அரசு வழக்கறிஞர் அலுவலகம்தான். யாரை விசாரிப்பது, எந்த வழக்கை எடுப்பது என்பதில் அந்த நாற்காலிக்கு உண்மையான அதிகாரம் உண்டு. பாவருக்கு அது தெரியும்.

1951 மே மாதம் பிரவுன்ஷ்வைக்கில் ஒரு தேர்தல் கூட்டம். பேசியவர் ஓட்டோ எர்ன்ஸ்ட் ரேமர். 1944 ஜூலை 20-ல் ஹிட்லரைக் குண்டு வைத்துக் கொல்ல ஸ்டாஃபன்பெர்க் முதலான ராணுவ அதிகாரிகள் முயன்று தோற்றார்களே, அன்று பெர்லினில் அந்தக் கலகத்தை அடக்கிய படைப்பிரிவின் தலைவர் இவர்தான். போருக்குப் பின் ஒரு நவநாஜிக் கட்சியின் நட்சத்திரப் பேச்சாளர். ஹிட்லரைக் கொல்ல முயன்றவர்கள் எல்லாரும் வெளிநாட்டிடம் காசு வாங்கிய தேசத்துரோகிகள் என்று மேடையில் பேசினார்.

கீழ்நிலை வழக்கறிஞர் இதில் வழக்குப் போட ஒன்றும் இல்லை என்று ஒதுங்கப் பார்த்தார். பாவர் கோப்பைத் தன் கையில் எடுத்தார், நீதிமன்றத்திலும் தானே வாதாடினார். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு அவதூறு வழக்கு. பாவரோ அதைப் பெரிய கேள்வியாகத் திருப்பினார்: ஹிட்லரின் அரசு சட்டப்படியான அரசா? தன் மக்களையே நாள்தோறும் கொன்றுகொண்டிருந்த ஒரு அரசுக்குத் துரோகம் செய்வது என்று ஒன்று இருக்க முடியுமா? முடியாது என்பது அவர் வாதம். இறையியல் அறிஞர்களையும் வரலாற்று ஆய்வாளர்களையும் வரவழைத்துச் சாட்சி சொல்ல வைத்தார். ஸ்டாஃபன்பெர்க் தான் படித்த அதே ஸ்டுட்கார்ட் பள்ளியில் படித்தவர் என்பதையும் தன் நிறைவு வாதத்தில் நினைவுபடுத்தினார்.

1952 மார்ச்சில் தீர்ப்பு. ரேமருக்கு மூன்று மாதம் சிறை. அதைக்கூட அனுபவிக்காமல் அவர் வெளிநாடு ஓடிவிட்டார். ஆனால் பாவருக்கு வேண்டியது அந்த மூன்று மாதம் இல்லை. தூக்கிலிடப்பட்டவர்கள் துரோகிகள் இல்லை என்று ஒரு ஜெர்மன் நீதிமன்றம் எழுதிக்கொடுத்தது. துரோகியின் மனைவி, துரோகியின் பிள்ளை என்று எட்டு வருஷம் பேர் வாங்கிய குடும்பங்களுக்கு அந்தக் காகிதத்தின் மதிப்பு தெரியும். அதே வருஷம் அக்டோபரில் ரேமரின் கட்சியை அரசியலமைப்பு நீதிமன்றம் தடை செய்தது.

ஐக்மன் கோப்பு

1956-ல் ஹெஸ்ஸே மாநில முதல்வர் கியார்க் ஆகஸ்ட் சின், பாவரைத் தன் மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞராக ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு அழைத்துக்கொண்டார். அடுத்த வருஷம்தான் அந்தத் தகவல் வந்தது.

பாவர் யாரிடம் போனார் என்பது சுவாரசியமானது. அப்போது மேற்கு ஜெர்மனிக்கும் இஸ்ரேலுக்கும் தூதரக உறவே கிடையாது. அது 1965-ல்தான் வந்தது. ஆனால் கொலோன் நகரில் இஸ்ரேலின் ஒரு அலுவலகம் இருந்தது. 1952 லக்சம்பர்க் ஒப்பந்தப்படி மேற்கு ஜெர்மனி இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க் மதிப்பில் இழப்பீடு தர ஒப்புக்கொண்டிருந்தது, பெரும்பாலும் பொருட்களாக. அவற்றை வாங்கி அனுப்பும் அலுவலகம் அது. அதன் தலைவர் ஃபீலிக்ஸ் ஷினாரிடம் பாவர் விஷயத்தைச் சொன்னார். இழப்பீட்டுக்காகத் திறந்த கதவு வழியாகத்தான் ஐக்மன் பற்றிய தகவல் இஸ்ரேலுக்குப் போனது.

மொசாட் முதலில் சொதப்பியது. 1958 தொடக்கத்தில் போய்ப் பார்த்த ஆள், அந்த ஓட்டை வீட்டில் அவ்வளவு பெரிய நாஜி எப்படி இருப்பான் என்று திரும்பி வந்துவிட்டார். தகவல் கொடுத்தவருக்குக் கண் தெரியாது என்று தெரிந்ததும் நம்பிக்கை இன்னும் குறைந்தது. கோப்பு தூங்கியது. 1959 டிசம்பரில் பாவர் நேராக இஸ்ரேலுக்கே போனார். இம்முறை அவரிடம் வேறொரு ஆள் கொடுத்த தகவல் இருந்தது. ஐக்மன் இப்போது ரிக்கார்டோ கிளெமென்ட் என்ற பெயரில் இருக்கிறார் என்று அவர் சொன்னார். அட்டர்னி ஜெனரல் ஹைம் கோன் முன்னிலையில் மொசாட் தலைவர் இசர் ஹரேலிடம் தன் கோபத்தை மறைக்காமல் கொட்டினார். (அந்த இரண்டாவது ஆள், ஆர்ஜென்டினாவில் ஐக்மனோடு ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரு ஜெர்மன் புவியியலாளர் என்பது 2021-ல்தான் ஜெர்மன் பத்திரிகை மூலம் தெரிய வந்தது. 62 வருஷம் ரகசியம் காக்கப்பட்டிருக்கிறது!)

1960 மே 11 மாலை, பியூனஸ் அயர்ஸ் புறநகரில் பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வந்த ஐக்மனை மொசாட் ஆட்கள் மடக்கினார்கள். மே 23-ல் பிரதமர் பென்-குரியன் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். பாவர் பெயர் எங்கும் வரவில்லை. ஐக்மனை ஜெர்மனிக்குக் கொண்டுவந்து இங்கேயே விசாரிக்க வேண்டும் என்று பாவர் முயன்றார். மேற்கு ஜெர்மன் அரசு ஒப்படைக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை. 1962-ல் இஸ்ரேலில் ஐக்மன் தூக்கிலிடப்பட்டார். பாவருக்கு இதில் பங்கு இருந்தது என்பது அவர் இறந்த பிறகுதான் வெளியே வந்தது.

கருகிய காகிதங்களிலிருந்து 183 நாள் விசாரணை

ஐக்மன் விஷயம் சினிமாவுக்கு ஏற்றது. (2015-ல் படமாகவும் வந்தது.) ஆனால் பாவரின் பெரிய வேலை வேறு. அது மெதுவானது, அலுப்பூட்டுவது, கோப்புகளால் ஆனது.

1959 ஜனவரியில் தோமஸ் க்னீல்கா என்ற பத்திரிகையாளர் சில காகிதங்களை பாவருக்கு அனுப்பினார். பிரெஸ்லாவ் நகரில் எரிந்துகொண்டிருந்த எஸ்.எஸ். நீதிமன்றக் கட்டடத்திலிருந்து ஒருவர் எடுத்து வைத்து, உயிர் தப்பிய எமில் வுல்கான் என்பவரிடம் வந்து சேர்ந்தவை. ஆஷ்விட்ஸில் தப்பியோட முயன்றதாகச் சொல்லிச் சுட்டுக்கொல்லப்பட்ட கைதிகளின் பெயர்கள் அதில் இருந்தன. சுட்டவர்களின் பெயர்களும் இருந்தன. கொலை செய்தவர்களே எழுதி வைத்த பட்டியல். ஒரு டேட்டா ஜர்னலிஸ்டாகச் சொல்றேன், பெயர், தேதி, சுட்டவர் என்று தனித்தனியாக எழுதின ஒரு பட்டியல் கைக்கு வர்றது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும். பாவருக்கும் தெரிந்திருந்தது.

ஜெர்மன் வழக்குகளில் ஒரு சிக்கல் உண்டு. குற்றம் நடந்த இடம் அல்லது குற்றவாளி வசிக்கும் இடத்து நீதிமன்றம்தான் விசாரிக்கலாம். ஆஷ்விட்ஸ் போலந்தில். குற்றவாளிகளோ ஜெர்மனி முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். இப்படி இருபது ஊரில் இருபது சின்ன வழக்குகளாகப் போனால் யாருக்கும் எதுவும் புரியாது. பாவர் அந்தக் காகிதங்களை உச்ச நீதிமன்றத்திடம் கொண்டுபோய், எல்லாவற்றையும் ஃப்ராங்க்ஃபர்ட்டில் சேர்த்து விசாரிக்க உத்தரவு வாங்கினார். என்னைக் கேட்டால், மொத்தக் கதையிலும் அவரது கெட்டிக்காரத்தனம் தெரிவது இந்த ஒரு நடைமுறை மனுவில்தான்.

ஆட்களைத் தேடிப் பிடித்தபோது அவர்கள் யாரும் காட்டில் ஒளிந்திருக்கவில்லை. கைதிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அடிக்கும் கருவிக்குத் தன் பெயரே வந்துவிட்ட வில்ஹெல்ம் போகர், ஸ்டுட்கார்ட் பக்கம் அலுவலக ஊழியர். ஓஸ்வால்ட் கடுக், பெர்லினில் ஆண் நர்ஸ். நோயாளிகளுக்குச் செல்லமான ஆள். விக்டர் காபேசியுஸ், சொந்தமாக மருந்துக்கடை. முகாம் தளபதியின் உதவியாளராக இருந்த ராபர்ட் முல்கா, ஹாம்பர்கில் வியாபாரி. பெரும்பாலும் சொந்தப் பெயரிலேயே இருந்தார்கள்.

1963 டிசம்பர் 20-ல் விசாரணை தொடங்கியது. கூண்டில் 22 பேர். 1965 ஆகஸ்ட் வரை 183 நாள் அமர்வுகள். சுமார் 360 சாட்சிகள், அவர்களில் 211 பேர் ஆஷ்விட்ஸிலிருந்து உயிர் மீண்டவர்கள். பார்வையாளர் வரிசையில் வந்து உட்கார்ந்து கேட்டவர்கள் சுமார் 20,000 பேர், பலர் பள்ளி, கல்லூரி மாணவர்கள். பாவர் அவர்களுக்காகத்தான் இதையெல்லாம் செய்தார் என்றுகூடச் சொல்லலாம். அவர் தண்டனையில் பெரிய நம்பிக்கை வைத்தவர் இல்லை. சாதாரணக் குற்றவாளிகள் விஷயத்தில் பழிவாங்கும் சட்டத்தை எதிர்த்து, சிறைச் சீர்திருத்தத்துக்காக எழுதியும் பேசியும் வந்தவர். வயசான நாஜிகளை உள்ளே தள்ளி அவர்களைத் திருத்திவிடலாம் என்று அவர் நம்பவில்லை. வெளியே உட்கார்ந்து கேட்கும் இளைஞர்களுக்கு அது பாடமாக இருக்கும் என்று நம்பினார். மியூனிக் வரலாற்று ஆய்வாளர்களைக் கொண்டு எஸ்.எஸ். அமைப்பு எப்படி இயங்கியது என்று நீதிமன்றத்தில் விளக்க வைத்ததும் அதற்காகவே.

சாட்சிகளின் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. இருபது வருஷம் கழித்து, தன் குடும்பத்தைக் கொன்றவர்களின் ஊருக்கு வரணும். அவர்களின் மொழியில், அவர்களின் வக்கீல் குறுக்கு விசாரணை செய்ய, எந்தத் தேதி, எத்தனை மணி, வலது கையா இடது கையா என்று பதில் சொல்லணும். குற்றம் சாட்டப்பட்டவர்களில் பலர் தொடக்கத்தில் ஜாமீனில் வெளியே உலவினார்கள். சாட்சிகளைக் கவனித்துக்கொள்ள அரசிடம் எந்த ஏற்பாடும் இல்லை. ஃப்ராங்க்ஃபர்ட் பெண்கள் சிலர் சேர்ந்து அதைச் செய்தார்கள். அவர்களில் முக்கியமானவர் எமி போன்ஹோஃபர். அவர் கணவர் ஹிட்லரை எதிர்த்ததற்காக 1945-ல் கொல்லப்பட்டவர். ரேமர் துரோகிகள் என்று ஏசிய அதே கூட்டம்.

இழப்பீடு யார் தந்தது?

அந்த நீதிமன்றத்தில் உயிர் மீண்டவர்கள் தரப்பில் ஆஜரான வழக்கறிஞர் ஹென்றி ஆர்மண்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அவரும் 1933-ல் பதவி பறிக்கப்பட்ட யூதர்; டாஹாவ் முகாமைப் பார்த்தவர். 1951-ல் நார்பெர்ட் வோல்ஹைம் என்ற உயிர் மீண்டவருக்காக ஐ.ஜி. ஃபார்பன் என்ற ராட்சத ரசாயன நிறுவனத்தின் மீது ஃப்ராங்க்ஃபர்ட்டில் வழக்குத் தொடுத்தார். ஆஷ்விட்ஸுக்குப் பக்கத்தில் அந்த நிறுவனம் கட்டிய தொழிற்சாலையில் வோல்ஹைம் அடிமையாக வேலை செய்தவர். அவர் கேட்டது செய்த வேலைக்குக் கூலி. 1953-ல் நீதிமன்றம் 10,000 மார்க் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் இருந்தபோதே, 1957-ல் நிறுவனம் மொத்தம் 3 கோடி மார்க் கொடுத்து அங்கே உழைத்த மற்றவர்களோடும் சமரசம் செய்துகொண்டது.

பணமும் தண்டனையும் தனித்தனிப் பாதைகள். மேற்கு ஜெர்மனிக்குப் பணம் கொடுப்பது ஓரளவு சுலபமாக இருந்தது. யார் செய்தது என்று பெயர் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஆர்மண்ட் முதல் பாதையிலிருந்து இரண்டாவதற்கு வந்தார். நீதிமன்றம் நேரில் ஆஷ்விட்ஸுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தியதும் அவரே. 1964 டிசம்பரில், பனிப்போர் உச்சத்தில் இருக்கும்போது, மேற்கு ஜெர்மன் நீதிமன்றக் குழு போலந்துக்குப் போய் அந்த இடத்தை அளந்து பார்த்தது. சாட்சிகள் சொன்ன தூரங்களும் பார்வைக் கோணங்களும் சரியாக இருந்தன.

பாவர் தோற்ற இடம்

1965 ஆகஸ்ட் தீர்ப்பு. இரண்டு பேர் உடல்நிலை காரணமாக இடையில் விலக, மிஞ்சியது 20 பேர். ஆறு பேருக்கு ஆயுள், மூன்று பேர் விடுதலை, மற்றவர்களுக்கு மூன்றேகால் வருஷம் முதல் 14 வருஷம் வரை.

பாவருக்கு இது தோல்வி. ஏன்னு கேட்டா, அதுக்கு ஜெர்மன் கொலைச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்கணும்.

மனிதகுலத்துக்கு எதிரான குற்றம், இனப்படுகொலை என்ற பிரிவுகளை ஜெர்மன் நீதிமன்றங்கள் பயன்படுத்தவில்லை. முன்தேதியிட்டுச் சட்டம் போட முடியாது என்பது காரணம். ஆக, 1871-ல் எழுதப்பட்ட தண்டனைச் சட்டத்தின் சாதாரணக் கொலைப் பிரிவுதான் இருந்தது. அதில் கொலைகாரர் வேறு, கொலைக்கு உதவியவர் வேறு. தானாக வெறிகொண்டு அடித்துக் கொன்ற போகர் கொலைகாரர், ஆயுள். உத்தரவுப்படி அமைதியாகக் கையெழுத்துப் போட்டு ஆயிரக்கணக்கானவர்களைச் சாவுக்கு அனுப்பிய முல்கா வெறும் உதவியாளர், 14 வருஷம். குறைந்தது 3,000 பேரின் கொலைக்கு உதவியதாக அவர்மேல் நிரூபணமானது. கணக்குப் போட்டால் ஒரு உயிருக்கு இரண்டு நாள்கூட வரவில்லை. இப்படி வகுத்துப் பார்ப்பது கொஞ்சம் மட்டமான வேலைதான், ஒத்துக்கிறேன். அதையும் அவர் முழுசாக அனுபவிக்கவில்லை. உடல்நிலையைக் காட்டி 1966-லேயே வெளியே வந்தார்.

பாவரின் வாதம் வேறு. ஆஷ்விட்ஸ் என்பது ஆயிரம் தனித்தனிக் கொலைகள் இல்லை, ஒரே இயந்திரம். கதவைத் திறந்தவர், கணக்கு எழுதியவர், வாசலில் காவல் நின்றவர் என்று, என்ன நடக்கிறது எனத் தெரிந்தே அதில் வேலை பார்த்த ஒவ்வொருவரும் அந்தக் கொலைகளுக்குப் பொறுப்பு. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒவ்வொருவரும் எந்தக் கொலையில் என்ன செய்தார் என்று தனித்தனியாக நிரூபிக்கச் சொன்னது. 1969-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்ட இடத்தில் சாட்சிகள் எங்கிருந்து வருவார்கள்?

இது நமக்கும் அந்நியமான சிக்கல் இல்லை. 1984 டெல்லி சீக்கியர் படுகொலை வழக்கில் 34 வருஷம் கழித்து, 2018-ல் சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை கொடுத்த டெல்லி உயர் நீதிமன்றம், இனப்படுகொலையும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றமும் நம் நாட்டுச் சட்டத்தில் தனிக் குற்றங்களாக இல்லாத ஓட்டையைத் தன் தீர்ப்பில் சுட்டிக்காட்டியிருக்கிறது.

நீதிபதிகள் மீது ஒரு வழக்கு

பாவரின் கோப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது, அதிகம் பேசப்படாத ஒன்று. மனநோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் விஷவாயு வைத்துக் கொன்ற நாஜித் திட்டத்தில் 1940, 41-ல் மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதன் மருத்துவத் தலைவர் வெர்னர் ஹைடே, பெயரை மாற்றிக்கொண்டு வடக்கு ஜெர்மனியில் டாக்டராகவே தொழில் செய்துகொண்டிருந்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் பலருக்கு அது தெரியும். 1959-ல் சரணடைந்தார். பாவரின் அலுவலகம் குற்றப்பத்திரிகை தயாரித்தது. 1964 பிப்ரவரியில் விசாரணை தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போது சிறையில் தற்கொலை செய்துகொண்டார்.

பாவர் அத்தோடு நிற்கவில்லை. 1941 ஏப்ரலில் பெர்லினில் நாட்டின் மூத்த நீதிபதிகளையும் தலைமை அரசு வழக்கறிஞர்களையும் கூட்டி, இந்தக் கொலைத் திட்டத்தைப் பற்றி விளக்கியிருக்கிறார்கள். புகார் வந்தால் விசாரிக்க வேண்டாம் என்பது சாரம். ஒருவர்கூட எழுந்து எதிர்க்கவில்லை. அந்த மௌனமும் கொலைக்கு உதவிதான் என்று பாவர் 1965-ல் அவர்கள் மீது விசாரணை தொடங்கினார். தான் உட்கார்ந்திருந்த அதே மாதிரி நாற்காலியில் முன்பு உட்கார்ந்திருந்தவர்கள்மீது! 1970-ல், அவர் இறந்த பிறகு, சத்தமில்லாமல் அது கைவிடப்பட்டது.

இப்படி ஒருத்தரை சக ஊழியர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? கொலை மிரட்டல்கள் வழக்கமாக வந்தன. அலுவலக அறையை விட்டு வெளியே வந்தால் எதிரி நாட்டுக்குள் நடப்பதுபோல உணர்கிறேன் என்ற பொருளில் அவர் சொன்னதாக நண்பர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். 1963-ல் ஒரு டேனிஷ் பத்திரிகைக்கு ஜெர்மானியர்களைப் பற்றிக் கடுமையாகப் பேசியது பெரிய சர்ச்சையாகி, அவர் பதவி விலக வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. முதல்வர் சின் கைவிடவில்லை.

1968

1968 ஜூலை 1-ல் ஃப்ராங்க்ஃபர்ட் வீட்டில், குளியல் தொட்டியில் பாவர் இறந்து கிடந்தார். இரண்டு வாரத்தில் 65 வயது. இதயம் நின்றுபோனதாகப் பரிசோதனை சொன்னது. மூச்சுக்குழாய் அழற்சி இருந்தது, தூக்க மாத்திரை எடுத்திருந்தார். கொலை என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

உண்மையான அடி வேறு இடத்தில் விழுந்தது. அந்த மே மாதம், சில்லறைக் குற்றங்களுக்கான அபராத விதிகளை ஒழுங்குபடுத்தும் ஒரு சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. தலைப்பைப் பார்த்தாலே தூக்கம் வரும் சட்டம். அதன் நடுவே ஒரு வாக்கியம்: தனிப்பட்ட வன்மம் இல்லாமல் கொலைக்கு உதவியவர்களுக்குத் தண்டனை குறைகிறது. தண்டனை குறைந்தால் வழக்குத் தொடுக்கும் கால வரம்பும் குறையும். நம்ம ஊரில் கொலைக்குக் கால வரம்பே கிடையாது. அங்கே அப்போது இருந்தது. விளைவு, உத்தரவுப்படி கொன்றோம் என்று சொல்லக்கூடிய ஏராளமானவர்களின் குற்றம் 1960-லேயே காலாவதி ஆகிவிட்டதாக ஆனது. பெர்லினில் பல வருஷ உழைப்பில் தயாராகிக்கொண்டிருந்த பெரிய வழக்குகள் அப்படியே சரிந்தன. இதை வடிவமைத்த துறையின் பொறுப்பில் இருந்தவர் எட்வர்ட் டிரேஹர். நாஜி ஆட்சியில் இன்ஸ்ப்ரூக் சிறப்பு நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர். அவர் தெரிந்தே செய்தாரா, கவனக்குறைவா என்று வரலாற்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். 77 சதவீதத்தைப் பார்த்த பிறகு கவனக்குறைவு என்று நம்புவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பாவரின் வாதம் திரும்பி வர 2011 ஆனது. சோபிபோர் முகாமில் காவலராக இருந்த ஜான் டெம்யான்யுக் மீதான வழக்கில், தனிக் கொலை எதையும் நிரூபிக்காமலே, அங்கே வேலை பார்த்ததையே 28,060 கொலைகளுக்கான உதவியாக மியூனிக் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. 2015-ல் ஆஷ்விட்ஸில் கைதிகளின் பணத்தை எண்ணிக் கணக்கு எழுதிய ஓஸ்கர் குரோனிங்குக்கு, 3 லட்சம் கொலைகளுக்கு உதவியதற்காக நாலு வருஷம். அப்போது அவருக்கு வயது 94. 2016-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆஷ்விட்ஸில் வேலை பார்த்துப் போருக்குப் பிறகும் உயிரோடிருந்த எஸ்.எஸ். ஆட்கள் சுமார் 6,500 பேர். கிழக்கு, மேற்கு இரண்டு ஜெர்மனியிலும் சேர்த்துத் தண்டனை பெற்றவர்கள் ஐம்பதைத் தொடவில்லை.

ஃப்ராங்க்ஃபர்ட் விசாரணையில் சாட்சிகள் பேசியதை நீதிபதிகளின் ஞாபகத்துக்காக டேப்பில் பதிவு செய்திருந்தார்கள். தீர்ப்புக்குப் பிறகு அழித்துவிட வேண்டிய டேப்புகள் அவை. எப்படியோ அழியாமல் தப்பின. மொத்தம் 430 மணி நேரம். 2017-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. பாவரின் பெயரால் 1995-ல் தொடங்கப்பட்ட ஆய்வு நிறுவனம் அவற்றை இணையத்தில் போட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். 300-க்கும் மேற்பட்டவர்களின் குரல்கள் இருக்கின்றன. பாவரின் குரல் அதில் இல்லை. நாலு வழக்கறிஞர்களை முன்னால் அனுப்பிவிட்டு, அந்த 183 நாளில் ஒருநாள்கூட அவர் அங்கே எழுந்து வாதாடவில்லை.